தொட்டிலில் கட்டிய ஆராய்ச்சி மணி

திருவாரூர்க்காரர்களுக்கு ஆராய்ச்சி மணியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு, அரண்மனை வாசலில் தொங்கிய மணியைக் கொம்பால் அசைத்ததும், மனுநீதிச் சோழன் எழுந்து ஓடி வந்து விசாரித்ததும் அந்த ஊர்க் குழந்தைகள் சோறு உண்ணும்போதே கேட்டு வளரும் கதை. தியாகராஜர் கோயிலையொட்டி நிற்கும் கல் தேர் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வாயில்லாத ஜீவன் தன் குறையைச் சொல்ல ஒரு மணி வேண்டியிருந்தது. சரி, பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தைக்கு? அதற்கும் வாயில்லைதானே! உடம்புக்குள் ஒரு கிருமி புகுந்து மளமளவென்று பெருகிக்கொண்டிருந்தால், "அம்மா, எனக்கு என்னவோ செய்கிறதே" என்று அது சொல்லுமா? பெரியவர்களுக்கு வருவது போல ஜுரம் கொதிக்குமா? பெரும்பாலும் அதுகூட இல்லை. பின் எந்த மணியை அது அடிக்கும்?

அடிக்கத்தான் செய்கிறது. அந்த மணி அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்க வைத்திய சாஸ்திரம் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அழாத பிள்ளை நல்ல பிள்ளையா?

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாய்க்கால் கரையோரம் வீடு. தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்த பெண், ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிள்ளை பெற்று, இரண்டு நாள் கழித்து அன்று மாலைதான் வீடு திரும்பியிருக்கிறாள். பிரசவத்துக்கு முந்தின நாளே பனிக்குடம் உடைந்து, ஒரு நாள் முழுக்க ஆன பிறகுதான் குழந்தை பிறந்தது. ஆனால் அதெல்லாம் இப்போது யார் நினைவிலும் இல்லை. வீடு நிறையச் சந்தோஷம்.

பிள்ளையைப் பார்க்க வந்த அடுத்த வீட்டு அம்மாள் மோவாயில் கை வைத்து வியக்கிறாள்: "என்ன சமர்த்துடி அம்மா உன் பிள்ளை! வந்ததிலேர்ந்து ஒரு சத்தம் உண்டா? என் பேரன் இருந்தானே, ஊரையே கூட்டிடுவான்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த கொள்ளுப்பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, ராத்திரியிலேர்ந்து எத்தனை தரம் பால் குடிச்சான்?"

"ரெண்டு தரம் எடுத்தேன் பாட்டி. வாயை வைக்கிறான், உடனே தூங்கிப் போயிடறான்."

பாட்டி எழுந்து வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு புறங்கையை வயிற்றில் வைக்கிறாள். இரண்டும் சில்லென்று இருக்கின்றன.

"நேத்து இழுத்த இழுப்பு இன்னிக்கு இல்லையே! வண்டியைக் கூப்பிடுங்க. விடியட்டும்னு உட்கார்ந்திருக்க வேண்டாம்."

அந்தப் பாட்டிக்குக் கிருமியின் பெயர் தெரியாது. ரத்தப் பரிசோதனையும் தெரியாது. ஆனால் உலகத்திலுள்ள குழந்தை நிபுணர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பாடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று வரை நன்றாகப் பால் குடித்த சிசு இன்று குடிக்க மறுத்தால், அது சமர்த்து அல்ல, அபாயம்.

பழைய நாளில் இதற்கு மாந்தம் என்றும், தோஷம் என்றும் பெயர் வைத்தார்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வாங்கிய வசம்பைச் சுட்டுக் கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதற்குள் பொழுது விடிந்துவிடும். சில வீடுகளில் குழந்தைக்கு விடிந்ததே இல்லை.

என்ன நோய் இது?

ரத்தத்தில் கிருமி புகுந்து உடம்பெங்கும் பரவுவதையும், அதனால் உடம்பு நிலைகுலைவதையும் டாக்டர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள். பிறந்து மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் வந்தால் அது முன்கூட்டி வரும் வகை. இந்த வகையில் கிருமி பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தோ, பிரசவம் நடக்கும் இடத்திலிருந்தோ தொற்றுகிறது. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் குழந்தை பிறக்காமல் இருப்பது, தாய்க்கு ஜுரம், பனிக்குட நீரில் துர்நாற்றம், குறைமாதம், எடைக் குறைவு இவையெல்லாம் அதற்கு வழி திறந்து விடுகின்றன. மூன்று நாளைக்குப் பிறகு வருவது, வார்டிலிருந்தோ வீட்டிலிருந்தோ, கழுவாத கைகளிலிருந்தோ வருவது.

உலகத்தில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்துபோயின என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று இவைதான் அதற்கு முக்கியமான காரணங்கள். தமிழ்நாடு இந்த விஷயத்தில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 20 குழந்தைகள் முதல் மாதத்தைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 9. ஆனால் அந்த ஒன்பது பேரின் தாய்மாருக்கு இந்தக் கணக்கு என்ன ஆறுதல் தரும்?

பயிர் செய்து பார்க்கும் பரீட்சை

வண்டி வந்துவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. திருவாரூரில் 2010-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன்பு இப்படிப்பட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் ஓடியவர்கள் பலர்.

டாக்டர் முதலில் என்ன செய்வார்? குழந்தையைக் கதகதப்பில் வைக்கச் சொல்வார். மூச்சையும் நாடித் துடிப்பையும் ரத்தத்தில் சர்க்கரையையும் கவனிப்பார். பிறகு கிருமிநாசினியால் தோலைத் துடைத்து, ஒரு மில்லி ரத்தம் எடுத்து, சத்து நீர் நிரப்பிய சிறு புட்டியில் விடுவார். அந்தப் புட்டி, உடம்பின் சூடு எவ்வளவோ அவ்வளவு சூட்டில், 37 டிகிரியில், வைக்கப்படும். ரத்தத்தில் கிருமி இருந்தால் அது அந்தப் புட்டிக்குள் முளைத்துப் பெருகும். அது இன்ன கிருமி, இன்ன மருந்துக்குச் சாகும் என்பதையும் கண்டுகொள்ளலாம். கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வழி இதுதான். இதற்கு ஈடான பரீட்சை இன்றுவரை வேறு இல்லை.

ஆனால் இதில் இரண்டு சங்கடம். விதைத்தவுடன் நாற்று முளைத்துவிடுமா? ஒரு நாளாவது, இரண்டு நாளாவது ஆகும். குழந்தையின் உயிரோ மணிக்கணக்கில் ஊசலாடுகிறது. இரண்டாவது, எடுத்த அந்தச் சொட்டு ரத்தத்தில் கிருமி அகப்படாமலே போகலாம். தில்லியிலுள்ள மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2011 முதல் 2014 வரை நடத்திய ஆராய்ச்சியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 சிசுக்களைக் கவனித்தார்கள். நூற்றுக்குப் பதினாலு பேருக்கு செப்சிஸ் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் புட்டியில் கிருமி முளைத்து ஊர்ஜிதமானது நூற்றுக்கு ஆறு பேரிடம்தான். பாதிக்கு மேல் திருடன் தப்பி விடுகிறான்!

ஒரு மில்லி போதாதென்றால் பத்து மில்லி எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்க முடியாது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே சுமார் 250 மில்லிதான். நம் பாட்டிமார் கணக்கில் ஒன்றரை ஆழாக்கு! அதிலிருந்து ஒவ்வொரு சொட்டையும் எண்ணி எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

எனவே டாக்டர்கள் வேறு வழி தேடினார்கள். திருடனைப் பிடிக்க நேரமாகும் என்றால், திருடன் வந்ததும் வீட்டிலே உண்டாகும் கலவரத்தைக் கண்டுகொள்ளக் கூடாதா? கிருமி நுழைந்ததும் ரத்தத்தில் சில மாறுதல்கள் தோன்றுகின்றன. அவற்றை அளந்து பார்த்தால் என்ன?

நியூயார்க்கில் கேட்ட முதல் மணி

1930-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்து ராக்கபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இரு டாக்டர்கள் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சர்க்கரைப் பொருளுக்கு 'சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் தெளிந்த நீரை அதோடு கலந்தால், பால் திரிவது போல வெண்மையாகத் திரண்டது. நோய் குணமான பிறகு அதே மனிதரின் ரத்தத்தை எடுத்துக் கலந்தால் ஒன்றும் திரளவில்லை!

நோயின்போது மட்டும் ரத்தத்தில் தலைகாட்டும் இந்தப் பொருள் ஒரு புரதம் என்று பின்னால் தெரிந்தது. 'சி'யோடு சேர்ந்து திரள்வதால் அதற்கு 'சி-ரியாக்டிவ் புரோட்டீன்' என்று பெயர் வந்தது. சுருக்கமாக, சி.ஆர்.பி. இன்று நம் ஊர்ப் பரிசோதனைக்கூடங்களில் சர்வ சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் சீட்டில் இருக்கிறதே, அதே சி.ஆர்.பி.தான்.

இதைத் தயாரிப்பது கல்லீரல். எங்கேயோ கிருமி புகுந்துவிட்டது என்று சேதி வந்ததும் கல்லீரல் இதை மும்முரமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. ஒரு லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் போனால் 'கவனி' என்று பொருள். தாயின் ரத்தத்திலுள்ள சி.ஆர்.பி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதில்லை. ஆகவே குழந்தையின் ரத்தத்தில் இருப்பது அதுவே அடித்த மணி.

ஐந்து சாட்சிகள்

ஒரே ஒரு சாட்சியை நம்பி எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். 1980-ஆம் ஆண்டில் ஃபிலிப், ஹெவிட் என்ற இரு டாக்டர்கள், எளிய பரீட்சைகள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை தவறாக இருந்தால் செப்சிஸ் என்று சந்தேகிக்கலாம் என்று எழுதினார்கள். நம் நாட்டில் குழந்தை டாக்டர்கள் வெகுகாலமாகக் கையாண்டுவரும் 'செப்சிஸ் ஸ்கிரீன்' அந்த வழியில் வந்ததுதான். சாட்சிகள் ஐந்து.

முதல் சாட்சி, ரத்தத்தின் வெள்ளை அணுக்கள். கிருமியோடு சண்டை போடும் சிப்பாய்கள் இவர்களே. பெரியவர்களுக்கு நோய் வந்தால் இவர்கள் எண்ணிக்கை கூடும். சிசுவுக்கோ, ஆரோக்கியமாக இருக்கும்போதே எக்கச்சக்கமாக இருக்கும். இருபதாயிரம், முப்பதாயிரம்கூட இருக்கலாம். அதனால் கூடுவதைவிடக் குறைவதுதான் பயம். ஐயாயிரத்துக்குக் கீழே போனால், சேனை அழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது சாட்சி, அந்த வெள்ளை அணுக்களில் 'நியூட்ரோஃபில்' என்ற முன்னணி வீரர்கள் வயதுக்குத் தக்கபடி இருக்கிறார்களா என்பது.

மூன்றாவது சாட்சி மிகவும் சுவாரசியமானது. பஞ்சம் வந்துவிட்டால் கதிர் முற்றும் வரை யார் காத்திருப்பார்கள்? பச்சையாகவே அறுத்து வந்துவிடுவார்கள் அல்லவா? எலும்புக்குள்ளிருக்கும் மஜ்ஜையும் அப்படித்தான் செய்கிறது. முற்றிய வீரர்கள் தீர்ந்துபோனதும் முற்றாத இளசுகளையே ரத்தத்துக்குள் அனுப்பிவிடுகிறது. நியூட்ரோஃபில்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இளசாக இருந்தால், உள்ளே பஞ்சம் என்று தெரிந்துகொள்ளலாம். இதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டில் பூசிய சொட்டு ரத்தமும், ஒரு மைக்ராஸ்கோப்பும், பழகிய ஒரு ஜோடிக் கண்ணும் போதும்.

நான்காவது சாட்சி இன்னும் ஏழை. மைக்ரோ இ.எஸ்.ஆர். என்று பெயர். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழலில் ஏற்றிச் செங்குத்தாக ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால், சிவப்பணுக்கள் எவ்வளவு தூரம் கீழே இறங்குகின்றன என்பதுதான் கணக்கு. குழந்தைக்கு எத்தனை நாள் வயதோ அதோடு மூன்றைக் கூட்டினால் எத்தனை மில்லிமீட்டரோ, அவ்வளவு இறங்கலாம். பதினைந்துக்கு மேல் போனால் எந்த வயதிலும் சந்தேகம்தான்.

ஐந்தாவது சாட்சி, நாம் முன்பே சந்தித்த சி.ஆர்.பி.

கடைமடைக்குத் தண்ணீர்

நம் கிராமத்துக் குழந்தையின் சீட்டு வந்துவிட்டது. முதலில் சி.ஆர்.பி.யைப் பார்ப்போம். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம். பத்துக்குள் இருக்கிறது! அப்படியானால் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

இங்கேதான் டெல்டாக்காரர்களின் அநுபவம் கைகொடுக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறார்கள். அன்று சாயங்காலமே திருவாரூர்ப் பக்கத்துக் கடைமடை வாய்க்காலில் போய்ப் பார்த்து, "தண்ணீரே காணோம், அணையைத் திறக்கவே இல்லை" என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குப் பிறகல்லவா கடைமடை!

சி.ஆர்.பி.யும் கடைமடைத் தண்ணீர்தான். கிருமி நுழைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். உச்சத்துக்குப் போக ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு முன்கூட்டியே பார்த்தால் வாய்க்கால் வறண்டுதான் கிடக்கும்.

இதைவிட முன்னால் வந்து சேதி சொல்லும் தூதர்கள் உண்டா? உண்டு. கல்லீரலுக்குச் சேதி கொண்டுபோவதே 'இன்டர்லூகின்-6' என்ற ஒரு பொருள். அது மேட்டூரிலிருந்து வரும் டெலிபோன் மாதிரி. கிருமி வந்த சில மணியிலேயே ஒலித்துவிடும். ஆனால் ஒரு நாளைக்குள் அடங்கியும் விடும். பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதை அளப்பதற்குச் செலவும் அதிகம்; எல்லா ஊரிலும் வசதி இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது 'புரோகால்சிடோனின்'. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி, கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்வதற்காக வைத்திருக்கும் மூலப்பொருள் அது. ஆரோக்கியமான மனிதரின் ரத்தத்தில் அது இருக்கும் இடமே தெரியாது. 1993-இல் மார்செல் அஸிகோவும் அவருடைய பிரெஞ்சு நாட்டுச் சகாக்களும், கிருமித் தொற்று என்று சந்தேகப்பட்ட 79 குழந்தைகளின் ரத்தத்தில் அதை அளந்தார்கள். பாக்டீரியாக் கிருமி கடுமையாகத் தாக்கிய குழந்தைகளிடம் அது வெகுவாக ஏறியிருந்தது. வைரஸ் நோய் கண்ட குழந்தைகளிடம் அப்படி ஏறவில்லை. மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும் இந்தப் பொருளைக் கல்லணைக்கு வந்த தண்ணீர் என்று சொல்லலாம்.

ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை! பிறந்த முதல் இரண்டு நாளில், எந்த நோயும் இல்லாத குழந்தைக்குக்கூட புரோகால்சிடோனின் தானாகவே உயர்ந்து, பிறகு தானாகவே தாழ்கிறது. ஆகவே, குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தெரியாமல் அந்த எண்ணைப் படிக்கக் கூடாது. முதல் நாளில் நியாயமாக இருக்கும் எண், மூன்றாம் நாளில் அபாயச் சங்காகிவிடும்.

நம் குழந்தையின் டாக்டர் சி.ஆர்.பி.யோடு நிற்கவில்லை. வெள்ளை அணுக்கள் நாலாயிரம். நியூட்ரோஃபில்களில் நாலில் ஒன்று இளசு. இரண்டு சாட்சிகள் ஒரே குரலில் பேசிவிட்டன. பால் குடிக்கவில்லை என்று பாட்டி சொன்ன சாட்சியமும் சேர்ந்துகொண்டது. உண்மையில், சீட்டு வருவதற்கு முன்னாலேயே ஊசி போட்டாகிவிட்டது. குழந்தை கண்ணெதிரே சோர்ந்து கிடக்கும்போது எந்த டாக்டரும் காகிதத்துக்காகக் காத்திருப்பதில்லை.

காற்றில் ஆடிய மணி

அடுத்த தொட்டிலைப் பார்ப்போம். அங்கே இன்னொரு குழந்தை. கஷ்டப்பட்ட பிரசவம், பிறந்ததும் மூச்சு வேகமாக இருந்தது. சி.ஆர்.பி. பதினாலு. மணி அடித்துவிட்டது! பாவம், அந்தத் தகப்பனார் வார்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஆனால் மணியைப் பசுதான் அசைக்க வேண்டும் என்பதில்லை, காற்றும் அசைக்கலாம். நீண்ட பிரசவ வேதனை, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கர்ப்பத்திலேயே மலம் கழித்து அதை உறிஞ்சிக்கொள்வது, இவற்றால்கூட சி.ஆர்.பி. உயரும். கிருமியே இருக்காது. அதனால்தான் டாக்டர் மறுபடி மறுபடி பார்க்கிறார்.

இங்கே இந்தப் பரீட்சைகளின் இன்னொரு முகம் தெரிகிறது. சொல்லப்போனால், இதுதான் இவற்றின் பெரிய உபகாரம். 'நோய் இருக்கிறது' என்று சொல்வதைவிட, 'நோய் இல்லை, மருந்தை நிறுத்து' என்று சொல்வதில்தான் இவை கெட்டி. 1998-இல் அமெரிக்காவில் வில்லியம் பெனிட்ஸும் அவருடைய சகாக்களும், சந்தேகத்துக்குரிய சிசுக்களுக்கு சி.ஆர்.பி.யை அடுத்தடுத்து அளந்து பார்த்தார்கள். ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு பரீட்சைகளும் பத்துக்குள் இருந்தால், முன்கூட்டி வரும் செப்சிஸ் இல்லை என்று நூற்றுக்கு 99-க்கு மேல் நம்பலாம் என்று கண்டார்கள். 2017-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நெதர்லாந்து, சுவிட்ஜர்லாந்து, கனடா, செக் நாடு ஆகியவற்றின் 18 ஆஸ்பத்திரிகளில் 1,710 சிசுக்களைச் சேர்த்துக்கொண்டார்கள். புரோகால்சிடோனினைப் பார்த்து மருந்தை நிறுத்தியபோது, சராசரி 65 மணி நேரம் தரவேண்டியிருந்த மருந்து 55 மணியிலேயே முடிந்தது.

'பத்து மணி நேரம்தானே' என்று எண்ண வேண்டாம். அந்தப் பத்து மணி நேரம் குழந்தை தாய் மடியில் கிடந்து பால் குடிக்கலாம். கையில் குத்திய ஊசியில்லை. வேறொரு பெரிய விஷயமும் இருக்கிறது. தேவையில்லாமல் மருந்தைப் பாய்ச்சப் பாய்ச்ச, கிருமிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. மேலே சொன்ன தில்லி ஆராய்ச்சியில் அதிகம் அகப்பட்ட கிருமி 'அசினெட்டோபாக்டர்'. அதற்கு அடுத்தது 'கிளெப்சியெல்லா'. அந்த அசினெட்டோபாக்டர்களில் ஐந்தில் நான்கு பங்கு, பல மருந்துகளுக்கு ஒருசேர மசியாதவை! அரை நூற்றாண்டாக உயிரைக் காத்த மருந்துகள் பிறந்த குழந்தையின் தொட்டிலருகே தோற்று நின்றால், அதைவிடக் கவலை வேறென்ன?

அடுத்த தொட்டில் குழந்தைக்கு இரண்டாம் நாள் சி.ஆர்.பி. ஏழு, மூன்றாம் நாள் மூன்று. புட்டியில் ஒன்றும் முளைக்கவில்லை. மருந்து நின்றது. தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

பரிசோதனைக்கூடமே இல்லாத ஊரில்

பரிசோதனைக்கூடம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்குப் பதில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தது. கட்சிரோலி மாவட்டத்தின் காட்டுப் பிரதேசக் கிராமங்களில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதிகள் வைத்தியத் தொண்டு செய்து வருகிறார்கள். அங்கே 39 கிராமங்களில், ஓரளவே படித்த கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தைகளைப் பார்த்து வந்தார்கள். அவர்கள் கையில் சி.ஆர்.பி. இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை. சில அறிகுறிகளின் பட்டியல்தான் இருந்தது. அழுகை பலவீனமாதல், கை கால் துவளுதல், பால் குடிப்பது குறைதல், உடம்பு சில்லிடுதல் அல்லது சுடுதல், மூச்சுத் திணறல் முதலியவை. இங்கேயும் ஒரு சாட்சி போதாது. அறிகுறிகள் ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போக மறுத்தால், அந்தப் பெண்களே ஜென்டாமைசின் ஊசி போட்டு, வாய்வழி மருந்தும் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டபோது, மூன்றாவது ஆண்டில் சிசு மரணம் நூற்றுக்கு 62 பங்கு குறைந்திருந்தது. 1999-இல் இந்த முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2014-இல் இந்திய அரசாங்கமும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத நெருக்கடியில் கிராமத்து நர்ஸே ஜென்டாமைசின் போடலாம் என்று அனுமதி கொடுத்தது.

ஆகவே ரத்தப் பரீட்சை எவ்வளவு நுட்பமானாலும், அது இரண்டாவது மணிதான். முதல் மணி வீட்டிலேயே கட்டியிருக்கிறது.

வீட்டு மணி எப்போது அடிக்கிறது?

நன்றாகக் குடித்த குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், தொட்டால் மட்டும் அசைந்தால், உடனே கவனியுங்கள். மார்பு உள்ளுக்கு இழுத்துக்கொண்டு மூச்சு விட்டால், அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், முனகினால், வலிப்பு வந்தால், நேரம் கடத்தாதீர்கள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 37.5 டிகிரிக்கு மேலோ, 35.5-க்குக் கீழோ இருப்பதும் அபாயம். தெர்மாமீட்டர் இல்லையென்றால், அந்தப் பாட்டி செய்தது போலப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர் தாக்குகிறது. தாயின் மார்போடு அணைத்துப் போர்த்துங்கள். வயிறும் சில்லென்றிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் குழந்தை தாயின் மார்போடு ஒட்டியே இருக்கட்டும். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். பிறந்த குழந்தைக்கு நோய் கண்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பரீட்சை, மருந்து, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்று 2011 முதல் திட்டமே இருக்கிறது.

இன்னும் ஒரு வார்த்தை. தொப்புள் கொடியில் சாம்பலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் சேனையும் வேண்டாம். தாய்ப்பால் ஒன்றே போதும். குழந்தையை வாங்கிக் கொஞ்ச வருகிறவர்கள், உறவு எவ்வளவு நெருக்கமானாலும், முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை!

பாட்டி சொன்ன தீர்ப்பு

நம் கிராமத்துக் குழந்தை என்ன ஆயிற்று? மறுநாள் சி.ஆர்.பி. நாற்பதைத் தாண்டியது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது! இரண்டாம் நாள் புட்டியில் கிளெப்சியெல்லா முளைத்தது. எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரிந்ததும் டாக்டர் மருந்தை மாற்றினார். நான்காம் நாள் குழந்தை கண் விழித்துப் பால் குடித்தது. பதினாலு நாள் கழித்து வீடு வந்தது.

இந்த இரண்டு தொட்டில்களும் நம் கற்பனைதான். ஆனால் ஒவ்வொரு மாவட்டத்து ஆஸ்பத்திரியிலும் நடக்கும் நாடகம் ஏறக்குறைய இதுதான். முடிவு மட்டும் எப்போதும் இப்படிச் சந்தோஷமாக இருப்பதில்லை. நேரம் கடந்து வருகிறவர்களின் கதை வேறு.

மனுநீதிச் சோழன் கதையில் நாம் மறந்துவிடும் ஒரு நுட்பம் உண்டு. மணி அடித்ததும் அரசன் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. எழுந்து வந்து விசாரித்தான். அதனால்தான் அதற்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். ரத்தத்தில் ஏறும் எண்ணும் அப்படியே. அது தீர்ப்பல்ல, அழைப்பு. விசாரிக்க ஒரு டாக்டர் வேண்டும். அதற்கும் முன்னால், மணிச் சத்தம் காதில் விழுந்ததும் எழுந்து நிற்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

வீடு திரும்பிய அன்று ராத்திரி, அந்தக் குழந்தை ஊரைக் கூட்டி அழுததாம். அடுத்த வீட்டு அம்மாள் தூக்கம் கெட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாட்டி, பேரன் இப்படிக் கத்தறான்?"

"கத்தட்டும், கத்தட்டும்" என்றாள் பாட்டி. "அழுதாத்தான் பிள்ளை."